இடது புருவம்

12 செப்டம்பர், செவ்வாய்
ஈரப்பதம் 54.

இந்த நோட்டைக் குப்பையில் போடச் சொன்னார், மியூசியப் பொருள்களுக்குப் பொறுப்பான மிஸ் ஓங். இத்தனை நாளாக ஒவ்வொரு கூடத்திலும் மாட்டியிருக்கும் மீட்டரைப் பார்த்து, காற்றில் ஈரம் எவ்வளவு என்று நானும் பாக்கியம் அக்காவும் இதில்தான் எழுதி வந்தோம். ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் பழைய பொருள்கள் கெட்டுவிடுமாம். இனி கம்ப்யூட்டரே தானாக எழுதிக்கொள்ளும். பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். போட மனசு வரவில்லை. நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கவும் வாய் வரவில்லை. பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எண்ணை எழுதிப் பழகிவிட்டது. அதனால் மேலே எழுதினேன்.

14 செப்டம்பர், வியாழன்
ஈரப்பதம் 52.

இந்த மியூசியத்துக்கு வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஈயச் சுரங்கம் வைத்திருந்த ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், கட்டிய வீடு. அவர் வாங்கிச் சேர்த்த பொருள்களை வைத்தே பேரப்பிள்ளைகள் மியூசியம் ஆக்கிவிட்டார்கள். சுத்தம் செய்ய இரண்டே பேர். பாக்கியம் அக்காவும் நானும். எங்களுக்குச் சம்பளம் கொடுப்பது வேறு கம்பெனி.

துணிகளுக்கு நிறம் உண்டு. நீலம் கண்ணாடிக்கு, சிவப்பு கழிவறைக்கு, பச்சை படிக்கட்டுக்கு, மஞ்சள் பழைய பொருள்களைப் பழுதுபார்க்கும் பணியறைக்கு. மாற்றிப் பயன்படுத்தினால் அக்காவுக்குக் கோபம் வரும். சாயங்காலம் எல்லாவற்றையும் வரிசையாகக் காயப்போட்டு, ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணுவது போல எண்ணுவார். எண்ணிவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"என்னா ஊமச்சி, இன்னிக்கி எத்தன வார்த்த பேசுன?"

நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

"ரெண்டா! தொண்ட வலிக்கப் போவுது. போ, போயி ஒரு மைலோ கலக்கிக் குடி."

ஊமச்சி என்று வேறு யார் சொன்னாலும் அழுதுவிடுவேன். அக்கா சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பன்னிரண்டரைக்கு அக்கா ஓடுவார். பின்னால் இருக்கும் அடுக்குமாடியில்தான் வீடு. அவர் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து நாலு வருடமாகப் படுக்கை. அக்கா பிசைந்து ஊட்டினால்தான் சாப்பிடுவார். ஊட்டிவிட்டு ஒன்றேகாலுக்குத் திரும்பி வந்து, "இன்னிக்கி மூணு வாய் அதிகம்" என்றோ "இன்னிக்கி மொறச்சிக்கிட்டாரு" என்றோ எனக்குச் சொல்வார். இந்த வேலையை விடாததற்கு அந்த ஐந்து நிமிட நடைதான் காரணம் என்பார்.

20 செப்டம்பர், புதன்
ஈரப்பதம் 52.

கண்ணாடி துடைக்கும்போது தினமும் கடைசியாக அவரிடம் போவேன். மாடியில் மூன்றாம் கூடம். சுட்ட மண்ணால் செய்த வீரன். தாங் அரசர்கள் காலம், ஆயிரத்து முந்நூறு வயது என்று அட்டையில் போட்டிருக்கிறது. செத்துப்போன ஒரு பெரிய மனிதருக்குக் காவலாகக் கூடவே புதைத்தார்களாம். என் இடுப்பு உயரம். கவசம் பச்சையும் தேன்நிறமுமாகப் பளபளக்கும். முகத்துக்கு மட்டும் அந்தப் பளபளப்பு இல்லை. மங்கிய வெள்ளை. அதன்மேல் மையால் வரைந்த கண், புருவம், மெல்லிய மீசை. உதட்டில் கொஞ்சம் சிவப்பு.

வலது கை எதையோ பிடித்திருப்பது போல மூடியிருக்கிறது. நடுவே ஓட்டை. ஈட்டி மரத்தால் இருந்ததாம், மண்ணுக்குள் மக்கிவிட்டதாம். அது தெரியாமல் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இடது புருவம் வலதை விடக் கொஞ்சம் நீளம். வரைந்தவருக்கு அவசரமோ என்னவோ, கடைசியில் தூரிகை லேசாக மேலே ஏறிவிட்டது. அதனால் அவர் முகம் எதையோ கேட்க வந்து நிறுத்தியது போல இருக்கும். பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் கவசத்தைத்தான் காட்டுகிறார்கள். புருவத்தை யாரும் காட்டுவதில்லை.

"ஒன் மாப்புள்ளைக்கு மூஞ்சி தொடச்சாச்சா?" என்று படியிலிருந்து கத்துவார் அக்கா. நான் துடைப்பது கண்ணாடியைத்தான்.

3 அக்டோபர், செவ்வாய்
ஈரப்பதம் 57. மழை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. எழுதுகிறேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தேன். அங்கேயும் பேசமாட்டேன், ஆனால் டீச்சர்களுக்குத் தெரியும், விட்டுவிடுவார்கள். இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய். மலாய் பழக ஒரு வருடம் புகுமுக வகுப்பு போய், படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரை எப்படியோ ஓட்டினேன். ஒருநாள் சரித்திர வகுப்பில் ஒரு பக்கத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். நின்றேன். எழுத்து எல்லாம் தெரிந்தது. சத்தம் வரவில்லை. பின்வரிசையில் ஒருவன் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான். பிறகு வகுப்பு முழுவதும் சேர்ந்து எண்ணியது. அறுபது வரை எண்ணினார்கள். டீச்சர் உட்காரச் சொன்னார். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. அம்மா அடித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அப்புறம் கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் அவசரத்தில் விட்டுவிட்டார்.

இங்கே காலை எட்டரைக்கு மாடியில் யாரும் இருப்பதில்லை. அந்த வீரன் முன்னால் நின்று மலாயிலும் தமிழிலும் சொல்லிப் பார்க்கிறேன். செலாமாட் பாகி. நாமா சாயா கோகிலவாணி. வணக்கம், என் பெயர் கோகிலவாணி, எனக்குப் பதினேழு வயது. முதலில் காற்றுதான் வந்தது. இப்போது சத்தம் வருகிறது. அவர் எண்ணுவதில்லை.

இன்று பஸ்ஸில் ஒரு ஆன்ட்டி நேரம் கேட்டார். "ஆறே கால்" என்றேன். வாய்விட்டுச் சொன்னேன்.

16 அக்டோபர், திங்கள்
ஈரப்பதம் 53.

திங்கள் மியூசியம் விடுமுறை. மூன்றாம் கூடத்து விளக்குகளை மாற்றப்போகிறார்கள். அவரைக் கண்ணாடிக்கு வெளியே எடுத்து, பஞ்சு வைத்து, நான்கு பேர் மூச்சுவிடாமல் தூக்கிக் கீழே பணியறைக்குக் கொண்டுபோனார்கள். நீள மேசையில் நிற்கிறார். மேலே மெல்லிய வெள்ளைத் தாள் போர்த்தியிருக்கிறது. இரண்டு வாரம் அங்கேதான்.

மேசையைத் தொடக்கூடாது என்று மிஸ் ஓங் மலாயில் மூன்று தடவை சொன்னார். தரையை மட்டும் துடைக்க வேண்டும்.

தாள் ஒரு பக்கம் விலகியிருந்தது. கண்ணாடி இல்லாமல் அவரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எங்களுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. "செலாமாட் பாகி" சொல்ல வெட்கமாகிவிட்டது.

19 அக்டோபர், வியாழன்
ஈரப்பதம் 54.

திங்கள் ஆயுத பூஜை. அக்கா ஒவ்வொரு வருடமும் எங்கள் சாமான்களுக்குப் பூஜை போடுவார். போன வருடம் டிக்கெட் மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டாராம். மெஷின் ஒருநாள் முழுக்க டிக்கெட் துப்பவில்லை. அதனால் இந்த வருடம் ஸ்டோர் அறைக்குள் மட்டும், சூடம் கூடாது என்று உத்தரவு.

"மெஷினுக்குப் பக்தி தாங்கல, நான் என்னா பண்றது?" என்றார்.

ஆயுதம் என்றால் என்ன என்று எனக்கு விளக்கினார். நாம் எதை வைத்து வேலை செய்கிறோமோ அது ஆயுதம். லாரிக்காரனுக்கு லாரி, தையல்காரனுக்குக் கத்தரிக்கோல், நமக்குத் தரை துடைக்கும் மாப்பு.

"ஒன் மாப்புள்ளதான் பாவம். ஈட்டியத் தொலச்சிட்டு நிக்கிறாரு. அவருக்கு எதுல பொட்டு வெக்கிறது?"

இதைக் கேட்டு இன்று முழுவதும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

23 அக்டோபர், திங்கள்
ஈரப்பதம் 55.

ஆயுத பூஜை. தூசி உறிஞ்சும் வேக்கும் மெஷின், இரண்டு வாளி, மாப்பு, தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். சூடத்துக்குப் பதில் பேட்டரி விளக்கு. விளக்கு மாற்றும் ரோஸ்லி அங்கிளின் ஏணி பணியறையில் இருந்தது. அக்கா தட்டோடு அங்கேயும் போய் அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தார். பொரி, கடலை, வெல்லம். பொரி நன்றாக இருந்தது.

பணியறைத் தரையை நான் துடைத்தேன்.

சாயங்காலம் எண்ணும்போது மஞ்சள் துணி ஒன்று குறைந்தது. அக்கா மூன்று தடவை எண்ணினார். "நாலு இருக்கணும், மூணுதான் இருக்கு. காலு மொளச்சிருச்சா?" என்றார். நான் வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு ஒன்றும் இல்லை.

24 அக்டோபர், செவ்வாய்
ஈரப்பதம் 54.

வேலைக்குப் போனேன். மிஸ் ஓங் கோலாலம்பூரில் இருக்கிறார்.

25 அக்டோபர், புதன்
ஈரப்பதம் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு மிஸ் ஓங் வந்தார். பத்து பத்துக்குப் பணியறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கத்தல் இல்லை. யாரோ மாடிப்படியில் கால் தவறினால் வருமே, அந்த மாதிரி. போய்ப் பார்த்தபோது மேசைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாள் தரையில் கிடந்தது.

வீரனின் புருவம், கண், மீசை எதுவும் இல்லை. வலது கண்ணின் ஓரத்தில் மட்டும் கடுகளவு கறுப்பு. முகம் உரித்த முட்டை மாதிரி இருந்தது.

கொண்டைக்குக் கீழே, நெற்றியின் மேல் விளிம்பில், மஞ்சளாக ஒரு கோடு ஒட்டியிருந்தது. மிஸ் ஓங் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு ரோஸ்லி அங்கிளின் ஏணியைப் பார்த்தார்.

26 அக்டோபர், வியாழன்
ஈரப்பதம் 53.

கம்பெனி சூப்பர்வைசர் வந்தார். எங்கள் இருவரையும் ஆபீசில் நிற்க வைத்தார்கள். பணியறைக்குள் கேமரா இல்லை, வெளியே நடையில் இருக்கிறது. அதில் அக்கா பூஜைத் தட்டோடு உள்ளே போவது தெரிகிறது. நான் மாப்போடு போவதும் தெரியும், ஆனால் நான் தினமும் போகிறேன்.

மிஸ் ஓங் மெதுவாகத்தான் பேசினார். பளபளப்பு உள்ள இடம் சூளையில் வெந்தது, ஒன்றும் ஆகாது. முகம் அப்படி இல்லை. சுட்ட பிறகு மேலே பூசி வரைந்தது. ஈரத் துணி பட்டால் வந்துவிடும். ஆயிரத்து முந்நூறு வருடம் மண்ணுக்குள் தாங்கியது ஒரு நிமிடத்தில் போய்விட்டது. திரும்ப வரைய முடியாதா என்று சூப்பர்வைசர் கேட்டார். வரையலாம், அது வேறு முகம் என்றார் மிஸ் ஓங்.

அக்கா சத்தம் போட்டார். "சார், நான் பொட்டு வெச்சா எப்பிடி வெப்பேன்னு அந்த ஏணியப் போயிப் பாருங்க. தோச மாதிரி இருக்கும். அந்தக் கோட்டப் பாருங்க, எறும்பு வெச்ச பொட்டு மாதிரி இருக்கு. இது என் கையே இல்ல சார்!"

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். மிஸ் ஓங்குக்கு மலாயில் சொன்னபோது அது வெறும் திமிராகக் கேட்டது. காணாமல் போன மஞ்சள் துணி பற்றியும் கேட்டார்கள். துணிகளுக்குப் பொறுப்பு அக்கா.

"இந்தப் பொண்ணு?" என்று சூப்பர்வைசர் என்னைக் காட்டினார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்ததாகத்தான் நினைக்கிறேன்.

"அவள விடுங்க சார்" என்றார் அக்கா. "அது பூனக்குட்டி. எதயும் தொடாது. அதப் போயி மெரட்டாதீங்க."

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

28 அக்டோபர், சனி
ஈரப்பதம் 53.

அக்காவை நிறுத்திவிட்டார்கள். பதினோரு வருடம். ஸ்டோர் சாவி, பின்கதவுச் சாவி, மாடிச் சாவி மூன்றையும் கொத்திலிருந்து கழற்ற அவருக்கு நேரம் ஆனது. வளையம் இறுகியிருந்தது. நான் கழற்றிக் கொடுத்தேன்.

போகும்போது, "வர்றவ செவப்புத் துணிய மட்டும் கலந்துடாம பாத்துக்க. அழாத. நீ என்னாடி பண்ணுவ?" என்றார்.

1 நவம்பர், புதன்
ஈரப்பதம் 52.

புதிதாக வந்தவர் இந்தோனேசியாக்காரர். நல்லவர். அமைதியானவர். நாள் முழுவதும் இரண்டு பேரும் பேசவே இல்லை.

பன்னிரண்டரைக்கு யாரும் ஓடவில்லை.

வீரனை மாடிக்குக் கொண்டுபோகவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மூன்றாம் கூடத்தில் காலிக் கண்ணாடிக் கூண்டைத் துடைத்தேன்.

4 நவம்பர், சனி

பசாரில் அக்காவைப் பார்த்தேன். நான் பார்க்காத மாதிரிப் போக நினைத்தேன். அவர்தான் கூப்பிட்டார். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு பஸ் மாற வேண்டும். காலை ஆறுக்குப் போனால் ஏழுக்குத்தான் வர முடியும். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் ஊட்டிப் பார்க்கிறாராம்.

"வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. ஒன் கட்சியில சேந்துட்டாரு" என்று சிரித்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

"நீ தெனமும் அந்த ரூமக் கூட்டுற. யாராச்சும் உள்ள போனதப் பாத்தியா? நல்லா யோசிச்சிச் சொல்லு, ஊமச்சி. திருடின்னு சொல்லியிருந்தாகூட எனக்கு இவ்ளோ வலிக்காது. என் கை ஒரு மொகத்த அழிச்சிருச்சின்னு சொல்றாங்க."

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லு."

"பாக்கல."

அது பொய் இல்லை. யாரும் உள்ளே போனதை நான் பார்க்கவில்லை.

8 நவம்பர், புதன்
ஈரப்பதம் 56.

தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்கிறேன் என்று அம்மா என் தகரப் பெட்டியைத் திறந்துவிட்டார். மஞ்சள் துணி கிடைத்துவிட்டது.

இனி எழுதாமல் இருந்து என்ன பயன்.

அன்று அக்கா ஏணிக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போன பிறகு, கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. நான் தரை துடைக்கப் போகும்போது சுண்டுவிரல் நுனியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். எல்லா ஆயுதத்துக்கும் வைத்தாயிற்று. அவருக்கு ஆயுதம் இல்லை. கையில் வைக்கலாம் என்றுதான் போனேன். அந்த ஓட்டையைப் பார்த்ததும் அங்கே வைக்க மனசு வரவில்லை. இல்லாததைச் சுட்டிக்காட்டுவது மாதிரி இருந்தது. என்னிடம் யாராவது பேச்சைப் பற்றிச் சொன்னால் எனக்கு அப்படித்தான் இருக்கும். அதனால் நெற்றியில் வைத்தேன். ரொம்பச் சின்னதாக. அழகாக இருந்தது. "வணக்கம், என் பெயர் கோகிலவாணி" என்று சொன்னேன்.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மிஸ் ஓங் என்று நினைத்தேன். பொட்டை விரலால் துடைத்தேன், பரவியது. இடுப்பில் ஈரத் துணி இருந்தது. அதை எடுத்து ஒருமுறை அழுத்தித் துடைத்தேன். புருவம் கலைந்தது. கலைந்ததைச் சரிசெய்ய இன்னொரு முறை துடைத்தேன். மீசை வந்தது. நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. கொஞ்சம் துடைத்தால் பழையபடி ஆகிவிடும் என்று ஏதோ ஒரு நினைப்பு. தாளைப் போர்த்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்துக் கடைக்கு வந்த கார். மிஸ் ஓங் வரவே இல்லை.

இதை எல்லாம் அம்மாவிடம் பத்து வார்த்தையில் சொன்னேன்.

அம்மா துணியைக் கையில் எடுத்துக்கொண்டார். "அது மண்ணு பொம்ம. பொம்ம மூஞ்சிக்காக ஒன்ன போலீஸ்ல குடுப்பானுங்க. வேல போவும். தெரியுதா?"

"அக்கா..."

"அவங்களுக்குத்தான் வேல கெடச்சிருச்சே. அவங்க எங்கயும் பொழச்சிக்குவாங்க, வாயி இருக்கு. ஒனக்கு என்னா இருக்கு? நீ பேசாம இரு. அது ஒண்ணுதான் ஒனக்கு நல்லா வருமே."

பேசு பேசு என்று இத்தனை வருடம் சொன்னது அதே வாய்தான்.

துணியை அலச வாளிக்குள் போடப் போனார். நான் அவர் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் பிடுங்கிக்கொண்டேன். அம்மாவைத் தள்ளியது இதுதான் முதல் தடவை. அவர் என்னை அடிக்கவில்லை. பயந்துபோய்ப் பார்த்தார்.

துணியில் கறுப்பாக ஒரு இழுப்பு, ரோஜா நிறத்தில் ஒரு கறை, சுற்றிலும் வெள்ளை மாவு மாதிரி. வீரனின் முகம் இப்போது இதில்தான் இருக்கிறது.

12 நவம்பர், ஞாயிறு

தீபாவளி. முறுக்கு ஒரு டப்பா எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு அடுக்குமாடி வரைக்கும் போனேன். லிஃப்ட் முன்னால் கொஞ்சநேரம் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன். முறுக்கு வழியில் நொறுங்கிவிட்டது.

14 நவம்பர், செவ்வாய்
ஈரப்பதம் 51.

எட்டரைக்கு மாடிக்குப் போய்க் காலிக் கூண்டின் முன்னால் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது.

பத்து மணிக்கு மிஸ் ஓங் அறைக்குப் போனேன். துணியை மேசையில் வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் நின்றேன். என் மனசுக்குள் யாரோ எண்ண ஆரம்பித்தார்கள். மலாயில். முப்பத்தொன்று வரும்போது என் குரல் கேட்டது.

"சாயா. நான். பாக்கியம் அக்கா இல்லை."

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. தப்புத் தப்பான மலாயில், நடுநடுவே தமிழில்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டார். யாரும் கேட்கவில்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் பசாரில் ஒருவர் கேட்டார். அதனால் "பயம்" என்று மட்டும் சொன்னேன்.

இடுக்கியால் துணியை எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீரனின் அடியில் இருக்கும் அதே எண்ணை அதன்மேல் எழுதினார். வீரனைப் பற்றிய கோப்பு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். அதில் அவருக்கு இதுவரை நடந்த எல்லாமே இருக்கிறது. எந்த வருடம் வாங்கியது, எப்போது கால்விரல் உடைந்தது, யார் ஒட்டியது. போட்டோக்களும் இருக்கின்றன. எல்லாம் கவசத்துக்கு எடுத்தவை, முகம் நிழலில் இருக்கிறது.

"நீ தினமும் பார்த்தாயே. முகம் எப்படி இருந்தது, சொல்" என்றார்.

சொன்னேன். வலது புருவம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, இடது எவ்வளவு நீளம், எந்த இடத்தில் தூரிகை ஏறியது, மீசையின் வலப்பக்கத்தில் மை கொஞ்சம் தடித்திருந்தது, உதட்டுச் சிவப்பு நடுவில் மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு தாளில் வரைந்தும் காட்டினேன். அரை மணி நேரம் பேசியிருப்பேன். என் ஆயுளில் அவ்வளவு பேசியதில்லை. மிஸ் ஓங் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில், "யார் செய்தது என்று எழுத வேண்டும். பெயர்?" என்றார்.

சொன்னேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன்.

போலீஸ் இல்லை. ஆனால் இனி இங்கே வேலையும் இல்லை. அக்கா மேல் தவறில்லை என்று கம்பெனிக்குக் கடிதம் போடுவதாகச் சொன்னார். அக்காவைத் திரும்ப எடுப்பார்களா என்று கேட்டேன். அது கம்பெனியின் கையில் இருக்கிறது, அவர்கள் ஏற்கெனவே ஆள் போட்டுவிட்டார்கள் என்றார்.

நீலம் ஆறு, சிவப்பு நாலு, பச்சை நாலு, மஞ்சள் மூன்று. எண்ணி வைத்துவிட்டு வந்தேன்.

18 நவம்பர், சனி
ஈரப்பதம் தெரியாது.

மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன், இன்று அவருக்கு விடுமுறை. இந்தத் தடவை லிஃப்டில் ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. அக்கா கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயய்ய, யாரு இது, ஊமச்சியா! வீடு தேடி வந்திருக்கு. உள்ள வாடி."

சுவர் ஓரத்தில் கட்டில் இருந்தது. மெத்தையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டியிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார்.

"தைப்பிங்ல அவரு தங்கச்சி வூட்டுல கொண்டு போயி வுட்டுட்டேன். போன வாரம். என்னா பண்றது, வேற யாரு ஊட்டுனாலும் பல்லக் கடிச்சிக்கிறாரு. எலும்பும் தோலுமா ஆயிட்டாரு. அங்கயாவது கூடப் பொறந்தவ." கத்தியால் தோலை ஒதுக்கினார். "வண்டியில ஏத்தும்போது என் கையப் புடிச்சிக்கிட்டாரு. வெரலு ஒவ்வொண்ணாப் பிரிக்க வேண்டியதாப் போச்சி."

கம்பெனியிலிருந்து கடிதம் வந்ததா என்று கேட்டேன்.

"நேத்து வந்துச்சி. என் மேல தப்பு இல்லையாம், வருந்துறாங்களாம். யாரு செஞ்சதுன்னு போடல." நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

நின்றுகொண்டே சொன்னேன். இந்தத் தடவை மனசுக்குள் யாரும் எண்ணவில்லை. சந்தனம், கார், துணி, தகரப் பெட்டி, எல்லாம். அக்கா இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"ஆபீஸ்ல பூனக்குட்டின்னு நாந்தான் சொன்னேன்" என்றார்.

"ஆமா."

"நீ பக்கத்துலதான் நின்ன."

"ஆமா."

"பசார்ல ஒன் கையப் புடிச்சிக் கேட்டேன்."

"ஆமா."

"அவனா இருக்குமோ, இவனா இருக்குமோன்னு ஊருல உள்ள எல்லாரயும் நெனச்சிப் பாத்தேன். ரோஸ்லி, வாட்ச்மேன், அந்த மிஸ்ஸக்கூட. ஒன்ன மட்டும் நெனைக்கவே இல்ல. ஒரு தடவகூட."

வெங்காயத்தை எடுத்து மறுபடி உரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைக்கவில்லை. அது வெங்காயமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தேன். என் கையிலிருந்து மெதுவாக அதை வாங்கி முறத்தில் போட்டுவிட்டார். கோபமாக இல்லை. மற்றவர்கள் வீட்டுப் பிள்ளையை வேலை செய்ய விடக்கூடாது என்று வாங்கி வைப்போமே, அப்படி.

"மழ வர்ற மாதிரி இருக்கு" என்றார். "வூட்டுக்குப் போ, கோகிலவாணி."

எழுந்து வெளியே வந்தேன். என் பெயர் அவருக்கு முழுதாகத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. ஒன்பது மாதத்தில் ஒருதடவைகூடச் சொன்னதில்லை.

படியில் நின்றேன். கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. திறந்துதான் இருந்தது. மெதுவாக எண்ணினேன். அறுபது வரை எண்ணினேன். ஊமச்சி என்று யாரும் கூப்பிடவில்லை.